சவுனாவுக்குள் சாக்ஸ்

வலது இடுப்பு வலித்தது. ஒரே இடத்தில் நின்று குத்துகிற வலி இல்லை. இடுப்பில் கிளம்பி முழங்கால்வரை இறங்கி, அங்கே கொஞ்சம் இளைப்பாறிவிட்டு மறுபடி மேலே ஏறுகிற வலி. இடது காலைக் காபந்து பண்ணப் போய், அர்வோ கிவெலா சில வாரங்களாக உடம்புப் பாரம் முழுவதையும் வலது காலிலேயே சுமந்துகொண்டிருந்தான். சுமக்கிற கால் கத்தியது. காபந்தில் இருந்த கால் வாயே திறக்கவில்லை. குதிகாலில் முட்டை அகலத்துக்குப் புண், அதைச் சுற்றிக் கறுத்த விளிம்பு. ஆனாலும் எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலியில்லை. அர்வோவுக்குப் பயமெல்லாம் அந்த வலிக்காத காலைப் பற்றித்தான்.

புண் வந்த கதையை வெளியே சொன்னால் மானம் போகும். வீட்டுக்குப் பின்னால் அவனே மரம் அறுத்துக் கட்டிய சவுனா இருந்தது. அமெரிக்காவின் வடக்கு மினசோட்டாவில் குடியேறிய ஃபின்லாந்துக்காரன் வீட்டில் சமையலறை இல்லாமல் இருக்கலாம், சவுனா இல்லாமல் இருக்காது. சனிக்கிழமை சாயங்காலம் விறகடுப்பைப் பற்றவைத்து, அதன்மேல் அடுக்கிய கற்கள் பழுத்ததும் தண்ணீரை அள்ளி ஊற்றி, அந்த ஆவியில் பிறந்தமேனிக்கு உட்கார்ந்து வேர்த்தால்தான் வாரம் முடிந்த மாதிரி. அன்றைக்கும் அப்படித்தான் பலகையில் சாய்ந்து, கண்ணை மூடி, காலை நீட்டியிருந்தான். கறி வதங்குகிற வாசனை வந்தது. பக்கத்து வீட்டுக்காரன் பன்றி விலா சுடுகிறான் போலிருக்கிறது, கொடுத்துவைத்தவன் என்று நினைத்துக்கொண்டான். நாக்கில் எச்சில்கூட ஊறியது. கண்ணைத் திறந்து பார்த்தால், அடுப்பைச் சுற்றியிருந்த இரும்புக் கம்பியில் அவனுடைய குதிகால்தான் வெந்துகொண்டிருந்தது.

சர்க்கரை வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதற்கு மாத்திரை உண்டு, மனைவி மார்லிஸின் காவல் உண்டு. பாதம் மரத்துப்போனதை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. சுரங்கத்தில் தாது லாரி ஓட்டுகிறவன் அவன். சக்கரமே இரண்டு ஆள் உயரம்; ஏணியில் ஏறித்தான் சீட்டுக்குப் போகவேண்டும். காலில் உணர்ச்சியில்லை என்று கம்பெனி டாக்டர் ஒரு வரி எழுதினால் போதும். லாரியிலிருந்து இறக்கி, கையில் மண்வெட்டியைக் கொடுத்து, தாது ஓடுகிற கன்வேயர் பட்டைக்கு அடியில் சேறு வாரவிட்டுவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் வாரிய சேறு அது. அறுபதை நெருங்குகிற வயதில் மறுபடி அதற்குள் குனிய இடுப்பும் இடங்கொடுக்காது, மனசும் இடங்கொடுக்காது. ஆகவே களிம்பைத் தடவி, துணியைச் சுற்றி, சாக்ஸை மாட்டி, தானாக ஆறட்டும் என்று விட்டுவிட்டான்.

அந்த மாத யூனியன் கூட்டத்துக்கு அவன் போகாமல் விட்டதற்கும் கால்தான் காரணம். அதில்தான் மாட்டிக்கொண்டான். நார்த் ஹெம்லாக் சுரங்க யூனியனில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: கூட்டத்துக்கு வராதவன் தலையில்தான் வேலை விழும்.

மறுநாள் காலையில் யூனியன் செயலாளர் டொலோரஸ் கொவாச் போன் பண்ணினாள். தாது உடைக்கிற கிரஷரில் காலம் தள்ளியவள். அந்த இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தால்தான் செவி தப்பும்.

"வாழ்த்துக்கள் தலைவரே!"

"என்ன தலைவர்?"

"சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட ஊரே நடக்கப் போறோம்ல, அதுக்கு நீதான் தலைவர். ஏகமனதா தேர்ந்தெடுத்துட்டோம்."

"நான் வரவே இல்லையே."

"அதனாலதான் ஏகமனது. வந்திருந்தா எதிரா ஒரு ஓட்டு விழுந்திருக்கும்."

அர்வோ போனை இன்னும் ஒரு முழம் தள்ளிப் பிடித்தான்.

"லைன்ல இருக்கியா, போயிட்டியா? ஃபின்லாந்துக்காரங்ககிட்ட பேசறதுக்குக் கிணத்துக்குள்ள பேசலாம். கிணறாவது திருப்பிக் குரல் கொடுக்கும்."

"தலைவர்னா என்ன பண்ணணும்?"

"பெருசா ஒண்ணுமில்லப்பா. எல்லாருக்கும் முன்னால நடக்கணும்."

போனை வைத்துவிட்டு அர்வோ தன் இடது பூட்ஸைப் பார்த்தான். அது ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருந்தது.

நடைக்கு மூலகாரணம் லூயி ஸ்குபிச். அர்வோவும் அவனும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்து, ஒன்றாகச் சேறு வாரி, ஒன்றாக லாரி பழகியவர்கள். லூயிக்கு இப்போது இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் ஒன்றும் கிடையாது. முதலில் ஒரு விரல் போனது, பிறகு பாதம், பிறகு முழங்கால்வரை. அடுத்த காலும் அதே வழியில். "தவணை முறையில வெட்டினாங்கடா, வட்டிதான் அதிகம்" என்பான். கால் போனாலும் வாய் போகவில்லை. சக்கர நாற்காலியில் யூனியன் ஹாலுக்கு வந்து மூலையில் காபியோடு உட்கார்ந்துகொண்டு, வருகிறவன் போகிறவன் எல்லாரையும் ஒரு வாங்கு வாங்குவான். நடைபற்றிக் கேள்விப்பட்டபோதும் விடவில்லை.

"என் ரெண்டு காலும் போனப்புறந்தான் இந்த ஊருக்கு நடக்கணும்னு தோணியிருக்கு. நல்லா இருங்கடா."

ஏற்பாட்டுக் கூட்டங்கள் நடந்தன. பணத்தைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை; எல்லாச் சண்டையும் சாப்பாட்டைப் பற்றித்தான். நடை முடிந்து வருகிறவர்களுக்குப் பொட்டீட்சா கொடுக்கவேண்டும் என்றாள் டொலோரஸ். மாவைத் துணி மாதிரி மெலிதாக இழுத்து, வால்நட்டும் தேனும் சர்க்கரையும் தடவிச் சுருட்டிச் சுடுகிற ஸ்லோவேனியப் பலகாரம். கல்யாணமோ சாவோ, அது இல்லாமல் அவர்கள் வீட்டில் காரியம் நடக்காது.

மார்லிஸ் எழுந்து நின்றாள். "சர்க்கரை நோய்க்காக நடக்கறோம். நடந்து முடிச்சதும் சர்க்கரையவே திங்கக் கொடுக்கறோம். அதுக்கு நடையை ஆஸ்பத்திரி வாசல்லயே முடிச்சுக்கலாமே?"

"தேன் போடாம பண்ணச் சொல்றியா? எங்கம்மா கல்லறையிலிருந்து எந்திரிச்சு வந்து உருட்டுக்கட்டையாலயே என்னைச் சாத்துவா."

"வரட்டும். அவளுக்கும் சுகர் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு. அதுக்காகச் செத்தப்புறமும் பத்தியமா?"

கடைசியில் எல்லாருக்கும் பொதுவாகப் பேஸ்டி என்று முடிவாயிற்று. மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுடுகிற அந்தப் பண்டத்தில் சர்க்கரை இல்லை, ஆகவே சண்டையும் இருக்காது என்று நினைத்தார்கள். உடனே அதற்குள் கேரட் போடலாமா கூடாதா என்று ஆரம்பித்தது. பேஸ்டிக்குள் கேரட் போடுகிறவனை இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் மனுஷனாகவே மதிப்பதில்லை. அர்வோ இதற்கெல்லாம் தலைமை தாங்கினான். அதாவது, மேஜை முனையில் உட்கார்ந்து, காலை நாற்காலிக்கு அடியில் ஒளித்துவைத்துக்கொண்டு, இடுப்பு வலியை மென்று விழுங்கினான்.

வழியைப் பார்த்துவைப்பது தலைவர் பொறுப்பு. யூனியன் ஹாலில் ஆரம்பித்து, ஏரிக்கரையைச் சுற்றி, பழைய சுரங்கக் குழியைப் பார்க்கிற மேட்டில் ஏறி இறங்கித் திரும்பவேண்டும். அர்வோ அதைத் தன் பழைய பிக்கப் லாரியிலேயே சுற்றிப் பார்த்தான். லூயியும் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

"நடைத் தலைவர் நடக்காமலேயே வழி பார்க்கறாரு. பாதிரியார் பாவம் செய்யாமலேயே பாவத்தைப் பத்திப் பேசற மாதிரி."

"மணி ஆச்சுடா."

மேட்டில் வண்டி குதித்துக் குதித்து ஏறியது. இடது கால் கிளட்சை எவ்வளவு அழுத்துகிறது என்று அர்வோவுக்கே தெரியவில்லை. குனிந்து பார்த்துப் பார்த்து அழுத்தினான்.

"என்னடா இது, நேத்து லைசென்ஸ் வாங்கின மாதிரி ஓட்டறே?"

"கிளட்ச் தேஞ்சுபோச்சு."

"கிளட்சா?" என்றான் லூயி. அதற்குமேல் கேட்கவில்லை. வீடு வந்து சேரும்வரை பேஸ்டிக்குள் கேரட் போட்ட தன் மாமியாரை வைதுகொண்டே வந்தான்.

காட்டிக்கொடுத்தது கிளட்ச் இல்லை, சாக்ஸ். சவுனாவுக்குக் கணவன் மனைவி சேர்ந்து போவதுதான் அந்த வீட்டு வழக்கம். இப்போது அர்வோ தனக்குத் தூக்கம் வருகிறது என்றும் விறகு வீணாகிறது என்றும் சொல்லிக்கொண்டு முன்னாலேயே தனியாகப் போய்வந்தான். போகாமலே இருந்துவிடலாம்தான். ஆனால் ஃபின்லாந்துக்காரன் சனிக்கிழமை சவுனாவுக்குப் போகவில்லை என்றால் ஆம்புலன்ஸையே கூப்பிட்டுவிடுவார்கள். துணிக்கட்டு அவிழாமல் இருக்க சாக்ஸோடு உட்கார்ந்தான். ஒரு சனிக்கிழமை நனைந்த சாக்ஸை அடுப்பங்கரைக் கொடியில் போட்டு மறந்துவிட்டான்.

"யோவ், இது ஏன் ஈரமா இருக்கு?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"குளிருச்சு. போட்டுக்கிட்டேன்."

"எங்க குளிருச்சு?"

"சவுனால."

மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். சிரித்து முடித்துவிட்டு வந்து டொலோரஸுக்குப் போன் பண்ணினாள். டொலோரஸிடம் ஒன்றைச் சொல்வதும் தண்ணீர்த் தொட்டியின் மேலே ஏறிநின்று ஊருக்குச் சொல்வதும் ஒன்று.

நடைநாள் வந்தது. பிர்ச் மரங்கள் மஞ்சளாகி, மூச்சு விட்டால் புகை தெரிகிற காலை. யூனியன் ஹால் வாசலில் ஊர் பாதிக்குமேல் கூடிவிட்டது. வேலை முடித்து அப்படியே வந்தவர்கள் மேல் செம்மண் தூசிகூடப் போகவில்லை. கயிறு கட்டிய தொடக்கக் கோட்டில் லூயி சக்கர நாற்காலியில் இருந்தான். அவனுக்குக் கொடுத்த வேலை கொடியை ஆட்டிவிட்டு உள்ளே போய்க் காபி குடிப்பது. அர்வோ முன்வரிசையில் நின்றான். பெரிய பூட்ஸ் ஒன்றை இரவல் வாங்கி இடது காலுக்கு மட்டும் போட்டிருந்தான். ஒருமுறை சுற்றிவிடலாம், சுற்றி முடித்துவிட்டுத் திங்கட்கிழமை எங்காவது வெளியூர் டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். அந்தக் கணக்கைப் போன திங்கட்கிழமைக்கும் போட்டிருந்தான், அதற்கு முந்தின திங்கட்கிழமைக்கும் போட்டிருந்தான்.

டொலோரஸ் மைக்கைப் பிடித்தாள். அவளுக்கு மைக் தேவையே இல்லை.

"கிளம்பறதுக்கு முன்னாடி, நம்ம தலைவரைப் பத்தி ஒரு முக்கியமான விஷயம். இவரு சவுனாவுக்குள்ள சாக்ஸ் போட்டுக்கிட்டு உட்கார்றாரு!"

கூட்டம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. வயசான ஃபின்லாந்துக்காரர்கள் இரண்டு பேர் எழவு வீட்டில் நிற்பதுபோலத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள்.

"ஃபின்லாந்துக்கே திருப்பி அனுப்புங்கப்பா!"

"அங்க சேர்த்துக்க மாட்டாங்க!"

"குளிக்கும்போது கோட்டு உண்டா மார்லிஸ்?"

அர்வோவும் சிரித்துவைத்தான். முகம் சுட்டது. அந்த நேரத்தில்தான் லூயியைப் பார்த்தான். இந்த மாதிரி ஒரு விஷயம் கையில் கிடைத்தால் ஒரு மாதம் வைத்துத் தின்கிற வாய் அது. லூயி சிரிக்கவில்லை. அர்வோவின் இரண்டு பூட்ஸையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சக்கரத்தைத் திருப்பி, கயிற்றுக்கு முன்னால் குறுக்கே வந்து நின்று, பிரேக்கைப் போட்டான்.

"டேய் அர்வோ. பூட்ஸைக் கழட்டு."

"என்னடா இது, கிளம்பற நேரத்துல?"

"கழட்டு. நீ கழட்டாம இந்த நாற்காலி நகராது. ஊர்வலமும் நகராது."

சிரிப்பு பின்வரிசைவரை ஒவ்வொன்றாக அணைந்தது.

அர்வோ குனிந்து, அவன் காதோடு சொன்னான். "நடை முடியட்டும்டா லூயி. முடிஞ்சதும் காட்டறேன்."

"நானும் இதையேதான் சொன்னேன். மான் வேட்டை சீசன் முடியட்டும்னேன். முடிஞ்சுது. அதோட பாதமும் முடிஞ்சுது. நல்ல மான்தான். அதோட கொம்பை இப்பவும் சுவத்துல மாட்டி வச்சிருக்கேன். காலை மாட்டி வைக்கத்தான் முடியல."

"எல்லாரும் பார்க்கறாங்கடா."

"பார்க்கட்டும். இதுக்குத்தானே நடக்க வந்திருக்காங்க? வாணவேடிக்கை பார்க்கவா வந்திருக்காங்க?"

"டாக்டர் எழுதிட்டா லாரியிலிருந்து இறக்கிருவாங்க. மண்வெட்டியைக் கொடுத்துருவாங்க. உனக்குத் தெரியாததா?"

லூயி தன் மடித்துத் தைத்த பேன்ட் முனைகளைத் தட்டினான். "மண்வெட்டி பிடிக்க ரெண்டு காலு வேணும்டா. எனக்கு அதைக்கூடக் கொடுக்கல."

அர்வோ பக்கத்தில் கிடந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தான். மார்லிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஒன்றும் கேட்காமல் மண்டியிட்டு, லேஸை அவிழ்த்தாள். பூட்ஸ் வந்தது. சாக்ஸ் வரவில்லை, புண்ணோடு ஒட்டியிருந்தது. உரித்து எடுத்தபோது முன்வரிசைக்காரர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். வாடை அப்படி. டொலோரஸ் மைக்கைக் கீழே இறக்கினாள். அவள் பேச்சில்லாமல் நின்றதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

"வலிக்கலையா?" என்றாள் மார்லிஸ்.

"இல்ல."

"எனக்கு வலிக்குதுய்யா." அவள் சாக்ஸைக் கையிலேயே பிடித்திருந்தாள். "நான் சிரிச்சேன். ஊர் பூராவும் சொல்லிச் சிரிச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"பார்த்தா திட்டுவியேன்னு..."

"இப்ப திட்ட மாட்டேன்னு நினைச்சியா? வண்டில ஏறு. போற வழியெல்லாம் இருக்கு."

இரண்டு பேர் தோள்கொடுத்து அவனைத் தூக்கினார்கள். டொலோரஸுக்குக் குரல் திரும்பியது. "தலைவர் போயிட்டா முன்னால யாரு நடக்கறது?"

லூயி கொடியை அவளிடம் எறிந்தான். அவள் கையில் மைக் இருந்ததால் அது தரையில் விழுந்தது. "நான்."

"மேடு இருக்கு லூயி. தள்ளிவிட ஆளு ஏற்பாடு பண்றேன்."

"என் நாற்காலியை எவனாவது தொட்டான், கையை முறிச்சுருவேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. கறுத்த சதையை வெட்டியெடுத்தாள். அர்வோ கூரையில் இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். கத்தி படுவதே தெரியவில்லை. அழுகல் எலும்புவரை இன்னும் போகவில்லை என்றாள். கால் நிற்குமா என்று மார்லிஸ் கேட்டதற்கு, நிற்கலாம், சத்தியம் பண்ணமாட்டேன் என்றாள். மாதக்கணக்கில் குதிகாலை ஊன்றக்கூடாது. கம்பெனிக்கு எழுதவேண்டியதை எல்லாம் எழுதிவிடவா என்று அவள் கேட்டபோது அர்வோ விளக்கிலிருந்து கண்ணை எடுத்து மார்லிஸைப் பார்த்தான். பிறகு எழுதுங்க என்றான். லாரி போனது போனதுதான்.

வெயில் சாய்கிற நேரத்துக்கு லூயி வந்தான். டொலோரஸ் தள்ளிக்கொண்டு வந்தாள். தன் நாற்காலியைத் தள்ள அவன் ஒருத்தியை அனுமதித்ததைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று அர்வோவுக்குத் தெரிந்துவிட்டது. லூயியின் இரண்டு கையிலும் மணிக்கட்டுவரை வெள்ளைக் கட்டு.

"என்னடா ஆச்சு?"

"உன் வேலையைப் பார்த்தேன். ஓவர்டைம்."

டொலோரஸ்தான் சொன்னாள். மேட்டில் பாதிக்குமேல் கையுறை கிழிந்துவிட்டதாம். தள்ளிவிட வந்தவனை எல்லாம் குலம் கோத்திரம் சொல்லித் திட்டினானாம். இரண்டு சுற்று உருட்டுவது, மூச்சு வாங்குவது, மறுபடி உருட்டுவது. அவனைத் தாண்டிப் போக யாருக்கும் மனசு வரவில்லை. ஓடி முடிக்கலாம் என்று வந்த பள்ளிக்கூடத்து ஓட்டக்காரப் பிள்ளைகள்கூட அவன் பின்னாலேயே ஆமை மாதிரி நடந்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் முடியவேண்டிய நடை, பேஸ்டி எல்லாம் கல்லாகும்வரை நடந்திருக்கிறது.

"கேரட் போட்டிருந்தாங்களா?" என்றான் அர்வோ.

"பாதிக்குப் பாதி. ஆறிப்போனா ரெண்டும் ஒரே கேடுதான்." லூயி கட்டுப் போட்ட கைகளைத் தூக்கிக் காட்டினான். "காலு ஏற்கெனவே இல்ல. இப்பக் கையும் உரிஞ்சுபோச்சு. இனி வெட்டறதுக்குத் தலைதான் மிச்சம்."

"அதுல ஒண்ணுமில்ல, வெட்டினாலும் நஷ்டமில்ல" என்றாள் டொலோரஸ்.

அர்வோ அந்தக் கட்டுகளையே பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"நன்றி கின்றின்னு ஆரம்பிச்சிராதே" என்றான் லூயி. "பழக்கமில்லாத வாய். சுளுக்கிக்கும். அடுத்த வருஷம் நீ நடக்கணும். ஏரி, மேடு, எல்லாம். லாரில இல்ல."

"காலு இருந்தா."

"இல்லாட்டி என் பழைய நாற்காலி கொட்டகைல கிடக்கு. எண்ணெய் போட்டா ஓடும். உன்னை விடறதா இல்ல."

அர்வோ தலையை ஆட்டினான். லூயிக்கு அவன் ஒரு நடை கடன்பட்டிருந்தான். மேட்டையும் சேர்த்து, முழுசாக, அவனுக்குத் தரவேண்டிய கடன்.